பிஎல்ஆர்: ரத்த அறிக்கையில் அச்சாகாத ஓர் எண்ணைப் படிப்பது எப்படி?

சிபிசி எனப்படும் முழு ரத்த அணு எண்ணிக்கை அறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். எந்த எண்ணாவது தடித்த எழுத்தில் இருக்கிறதா, பக்கத்தில் கூடுதல், குறைவு என்று குறி போட்டிருக்கிறதா என்று மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டுவோம். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாக மடித்து வைத்துவிடுவோம். ஆனால் அதே தாளில் அச்சாகாத சில எண்களும் இருக்கின்றன. நாமே ஒரு கணக்குப் போட்டால் வெளியே வரும். அதில் ஒன்றுதான் பிஎல்ஆர். பிளேட்லெட் எண்ணிக்கையை, வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம். உடலில் அழற்சி (தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை) ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதற்கான ஒரு தடயமாக இதைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகளில் பயன்படுத்தி வருகிறார்கள்.

தனியாக ரத்தம் எடுக்க வேண்டாம், தனியாகக் காசு கட்ட வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற இரண்டு எண்கள் போதும். அதுதான் இதன் கவர்ச்சி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவன் நான். விடையை மட்டும் பார்த்துப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், விடையை மட்டும் பார்த்து அசட்டையாக இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேருக்கு பிஎல்ஆர் 200 என்று வருகிறது. முதல் ஆளுக்கு பிளேட்லெட் 4,40,000, லிம்போசைட் 2,200. இரண்டாம் ஆளுக்கு 2,00,000, 1,000. மூன்றாம் ஆளுக்கு 1,00,000, 500. மூன்றுக்கும் விடை ஒன்றுதான். ஆனால் முதல் ஆளுக்கு எலும்பு மஜ்ஜை பிளேட்லெட்டைக் கொஞ்சம் அதிகமாகவே தயாரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் ஆளுக்கு பிளேட்லெட்டில் ஒரு குறையும் இல்லை, லிம்போசைட்தான் கீழ் எல்லையில் நிற்கிறது. மூன்றாம் ஆளுக்கு இரண்டுமே சரிந்திருக்கின்றன. மூவரில் சீக்கிரமாக மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் இவர்தான். விகிதம் இந்த மூவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடும். எனவே பிஎல்ஆரை எப்போது பார்த்தாலும் மேலே என்ன, கீழே என்ன என்று இரண்டையும் சேர்த்தே பாருங்கள். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

அழற்சிக்கும் இந்த இரண்டு அணுக்களுக்கும் என்ன தொடர்பு?

ரத்தம் உறைய உதவும் அணு என்றுதான் பிளேட்லெட்டைப் பள்ளியில் படித்தோம். இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ 1882ல் இதை விவரித்தபோது முன்வைத்ததும் அந்த வேலையைத்தான். அது சரி, ஆனால் கதையில் பாதிதான். பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு அது. ஏழு முதல் பத்து நாள்தான் அதன் ஆயுள். அந்தச் சின்ன உடம்புக்குள் நூற்றுக்கணக்கான புரதங்களைச் சிறு சிறு பைகளில் கட்டி வைத்துக்கொண்டு அலைகிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் புண்பட்டால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், பைகளைத் திறந்து கொட்டும். அந்தப் புரதங்களில் சில வெள்ளையணுக்களைக் கூப்பிடுகின்றன, சில அவற்றைச் சுவரோடு ஒட்ட வைக்கின்றன. ஆக, அழற்சியில் பிளேட்லெட்டும் நேரடியாகக் கை வைக்கிறது.

அழற்சி நடக்கும்போது இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் ரத்தத்தில் கூடுகிறது. அது கல்லீரலைத் தட்டி எழுப்பி த்ரோம்போபொய்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. மெகாகேரியோசைட்டுகளை வளரச் சொல்வது அந்த ஹார்மோன்தான். சில நாட்களில் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுகிறது. ‘சில நாட்களில்’ என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

லிம்போசைட் போகும் திசை வேறு. உடல் நெருக்கடியில் இருக்கும்போது அட்ரீனல் சுரப்பி கார்டிசோலைக் கூடுதலாக விடுகிறது. கார்டிசோல் ஏறினால் லிம்போசைட்டுகள் ரத்த ஓட்டத்தை விட்டு விலகி எலும்பு மஜ்ஜை போன்ற திசுக்களுக்குள் போய்விடும், ஒரு பகுதி செத்தும் போகும். நம் உடலில் உள்ள மொத்த லிம்போசைட்டுகளில் சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மீதியெல்லாம் நிணநீர்க் கணு, மண்ணீரல், குடல் சுவர் என்று திசுக்களில் இருக்கின்றன. ஆகவே ரத்தத்தில் லிம்போசைட் குறைந்தால் உடலிலேயே குறைந்துவிட்டது என்று பொருளல்ல. பல நேரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நலமாக இருக்கும்போது ஒருவருக்கு பிளேட்லெட் 2,50,000, லிம்போசைட் 2,000 என்று வையுங்கள். விகிதம் 125. அழற்சியில் பிளேட்லெட் இருபது சதவீதம் ஏறி 3,00,000 ஆகிறது, லிம்போசைட் இருபது சதவீதம் இறங்கி 1,600 ஆகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே இயல்பு வரம்புக்குள்தான் இருக்கின்றன, அறிக்கையில் ஒரு குறிகூட இருக்காது. விகிதமோ 187.5, முன்பிருந்ததைவிட ஒன்றரை மடங்கு. எதிரெதிர்த் திசையில் நடந்த இரண்டு சின்ன அசைவுகளை வகுத்தல் பெரிதாக்கிக் காட்டுகிறது. பிஎல்ஆரின் உண்மையான பலம் இதுதான்.

படி 1: சரியான இரண்டு எண்களை எடுங்கள்

பிளேட்லெட் எண்ணிக்கை அறிக்கையில் நேராகவே இருக்கும். சிக்கல் லிம்போசைட்டில்தான். பல அறிக்கைகளில் அது சதவீதமாக மட்டுமே இருக்கிறது. அந்தச் சதவீதத்தை வைத்து வகுக்கக் கூடாது. நமக்கு வேண்டியது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை லிம்போசைட் என்கிற நேர் எண்ணிக்கை.

மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் அது வந்துவிடும். வெள்ளையணு 8,200, லிம்போசைட் 25 சதவீதம் என்றால் 2,050.

சதவீதம் ஏன் ஏமாற்றும் என்றால், அது மற்ற அணுக்களைப் பொறுத்து ஆடும். ஒருவருக்கு வெள்ளையணு 16,000, லிம்போசைட் 13 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் மிகவும் குறைவு, குறிகூடப் போட்டிருக்கும். கணக்குப் போட்டால் 2,080, முழுக்க இயல்பு. அங்கே நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளையணு வகை கூடியதால் லிம்போசைட்டின் பங்கு குறைந்தது போலத் தெரிகிறது, அவ்வளவே. சில அறிக்கைகளில் ‘அப்சொல்யூட் லிம்போசைட் கவுன்ட்’ என்று தனி வரியே இருக்கும். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அலகைப் பார்த்து வகுங்கள்

இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும். பிளேட்லெட் 2,80,000, லிம்போசைட் 2,050 என்றால் 2,80,000 ÷ 2,050 = 136.6. சில கூடங்கள் லிட்டருக்கு இத்தனை நூறு கோடி அணுக்கள் என்ற கணக்கில் தருகின்றன. அதில் இதே ஆளுக்கு 280 என்றும் 2.05 என்றும் இருக்கும். வகுத்தால் அதே 136.6தான். பிளேட்லெட்டை லட்சத்தில் 2.8 என்று அச்சிடுகிற அறிக்கைகளும் உண்டு.

ஒன்றை ஓர் அலகிலும் மற்றதை வேறு அலகிலும் எடுத்தால் 0.14 என்றோ 1,36,000 என்றோ ஒரு விநோத விடை வரும். அப்படி வந்தால் பயப்படாதீர்கள், அலகு கலந்துவிட்டது. வயது வந்தவர்களின் பிஎல்ஆர் பெரும்பாலும் சில பத்துகளுக்கும் சில நூறுகளுக்கும் இடையில்தான் இருக்கும்.

படி 3: அந்த எண்களை நம்பலாமா?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற படி இது. இணையத்தில் கணக்கிடும் கருவிகள் நிறைய உண்டு. நீங்கள் போடும் எண் சரியா என்று அவை எதுவும் கேட்பதில்லை.

முதலில் பிளேட்லெட். சிபிசிக்கு ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ என்ற உறையெதிர்ப்பு உப்பு இருக்கிறது. மிகச் சிலருக்கு அந்த உப்பு பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். உடலுக்குள் ஒரு கோளாறும் இல்லை, குழாய்க்குள் மட்டும் நடக்கிற கூத்து இது. எண்ணும் இயந்திரத்துக்குக் கொத்தை எண்ணத் தெரியாது. இருபது பிளேட்லெட் சேர்ந்த கொத்து அதன் கணக்கில் ஒன்றுமில்லை, அல்லது ஒரு வெள்ளையணு.

ஒரு நாள் இப்படி ஒரு மாதிரி வந்தது. இயந்திரம் காட்டியது 62,000. லிம்போசைட் 1,540. விகிதம் போட்டால் 40. ரத்தம் கொடுத்தவர் உடம்பில் ஒரு கன்றிய தடம்கூட இல்லை, பல் துலக்கும்போது ரத்தம் வருவதில்லை. சந்தேகம் வந்து கண்ணாடித் துண்டில் ஒரு துளி ரத்தத்தை மெல்லிய படலமாக (ஸ்மியர்) இழுத்து, சாயம் போட்டு, அதன் மெலிந்த ஓரத்தைப் பார்த்தேன். பிளேட்லெட்டுகள் ஊதாத் திட்டுகளாக, சிந்திய கடுகைக் கூட்டிக் குவித்தது போல ஓரமெங்கும் அப்பிக் கிடந்தன. வெளிர்நீல மூடி உள்ள சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தோம். இயந்திரம் 2,10,000 என்றது. அந்தக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் இருப்பதால் 1.1ஆல் பெருக்க வேண்டும்: 2,31,000. விகிதம் 150. அதே ஆள், அதே காலை, 40 எங்கே, 150 எங்கே!

ஆகவே பிளேட்லெட் எதிர்பாராமல் குறைவாக வந்தால், ஸ்மியர் பார்த்தீர்களா, கொத்து இருந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கடும் இரும்புச்சத்துக் குறைபாட்டில் சிவப்பணுக்கள் மிகவும் சிறுத்துவிடும். சில இயந்திரங்கள் அளவை வைத்து மட்டுமே பிரிப்பதால் அந்தச் சின்னச் சிவப்பணுக்களையும் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும். அப்போது விகிதம் பொய்யாக ஏறும்.

அடுத்தது லிம்போசைட். வெள்ளையணு வகைகளை மைக்ரோஸ்கோப்பில் கையால் எண்ணும்போது வழக்கமாக நூறு அணுக்களைத்தான் எண்ணுவோம். நூறில் இருபது லிம்போசைட் என்று வந்தால் 20 சதவீதம் என்று எழுதுவோம். ஆனால் நூறை மட்டும் எண்ணிச் சொல்வதில் தற்செயலின் பங்கு பெரியது. உண்மை 12க்கும் 28க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணியவர் மேல் தப்பில்லை, புள்ளியியல் அப்படி. இதை பிஎல்ஆரில் போட்டுப் பாருங்கள்: வெள்ளையணு 7,000, பிளேட்லெட் 2,50,000. லிம்போசைட் 20 சதவீதம் என்றால் விகிதம் 179. 12 சதவீதம் என்றால் 298. 28 சதவீதம் என்றால் 128. ஒரே கண்ணாடித் துண்டிலிருந்து இவ்வளவு வித்தியாசம் வரலாம்! இயந்திரம் ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் இந்தத் தடுமாற்றம் அதில் வெகுவாகக் குறையும். கையால் எண்ணிய அறிக்கையை வைத்து பிஎல்ஆர் போட்டால், வரும் விடையைத் தோராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எது இயல்பு?

எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே வரம்பு இதற்கு இல்லை. ஆனால் நல்ல தரவுகள் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 45 வயதைக் கடந்த பொதுமக்களைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்றிலிருந்து 2018ல் வெளியான தரவுப்படி நடு மதிப்பு 120. நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் 61க்கும் 239க்கும் இடையில் இருந்தார்கள். அதே ஆண்டு தென் கொரியாவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நலமான பெரியவர்களிடம் பார்த்ததில் சராசரி சுமார் 132.

வரம்பு எவ்வளவு அகலம் பாருங்கள். 70 உள்ளவரும் நலமாக இருக்கிறார், 220 உள்ளவரும் நலமாக இருக்கிறார். எனவே 150ஐத் தாண்டினால் ஆபத்து என்கிற மாதிரி எங்காவது படித்தால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 150, 185, 300 என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிற வெட்டெண்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நோய் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பதற்காக வைத்துக்கொண்டவை. அந்த நோய் இல்லாதவர் தன் எண்ணை அதோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

குழந்தைகளுக்கு இந்த வரம்புகள் பொருந்தாது. நான்கைந்து வயது வரை லிம்போசைட்தான் வெள்ளையணுக்களில் பெரும்பான்மை. அதனால் விகிதம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். கர்ப்பத்திலும் பிளேட்லெட், லிம்போசைட் இரண்டுமே கொஞ்சம் இறங்கும், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

படி 5: எது நகர்ந்தது?

விகிதம் வரம்பின் மேல் எல்லையில் அல்லது அதற்கும் மேலே இருக்கிறது என்று வையுங்கள். இப்போது தாளின் இரண்டு வரிகளுக்குத் திரும்புங்கள்.

பிளேட்லெட் ஏறியிருக்கிறது, லிம்போசைட் அப்படியே இருக்கிறது என்றால் பிளேட்லெட்டை ஏற்றியது எது என்பதுதான் கேள்வி. அழற்சியாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சையாக இருக்கலாம், ரத்த இழப்பாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்கலாம்.

பிளேட்லெட் அப்படியே இருந்து லிம்போசைட் மட்டும் இறங்கியிருந்தால் கேள்வி மாறுகிறது. உடல் நெருக்கடி, ஸ்டீராய்டு மருந்து, வைரஸ் தொற்று, சத்துக் குறைவு, முதுமை என்று பட்டியல் வேறு. கோவிட் காலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் பிஎல்ஆர் ஏறியதற்கு முக்கியக் காரணம் லிம்போசைட் வீழ்ந்ததுதான்.

இரண்டும் எதிரெதிராக நகர்ந்திருந்தால்தான் அது பாடப்புத்தகத்தில் சொல்லும் அழற்சி வடிவம். பிஎல்ஆர் அழகாக வேலை செய்வது அங்கே.

இரண்டுமே இறங்கியிருந்தால் விகிதத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். டெங்கு, லூப்பஸ், கல்லீரல் சுருக்கத்தால் மண்ணீரல் வீங்கிய நிலை, எலும்பு மஜ்ஜைக் கோளாறு, கீமோதெரபி என்று பலவற்றில் இப்படி நடக்கும். லூப்பஸ் நல்ல உதாரணம். உடலே தன்னைத் தாக்கும் நோய் அது, அழற்சி உடலெங்கும் ஓடும். ஆனால் லிம்போசைட்டும் பிளேட்லெட்டும் சேர்ந்தே குறைவதால் விகிதம் சிலருக்குச் சாதாரணமாகவே வந்து நிற்கும். எண் சாதாரணம், நோய் சாதாரணமில்லை.

அப்புறம், குறைந்த பிஎல்ஆர் எப்போதும் நல்லது என்கிற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அதுவும் தவறு. ரத்தத்தில் கிருமித்தொற்று பரவிய செப்சிஸ் நிலையில் பிளேட்லெட்டுகள் வேகமாகத் தீர்ந்துபோகும், விகிதம் சரியும். அதைப் பார்த்து அழற்சி இல்லை என்று முடிவு கட்டினால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு பக்கம், நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயில் லிம்போசைட் பல்லாயிரக்கணக்கில் பெருகுவதால் விகிதம் ஒற்றை இலக்கத்துக்குக்கூட வரும்.

படி 6: அழற்சி இல்லாமலே ஏற்றும் காரணங்களைக் கழியுங்கள்

அடிக்கடி தவறவிடப்படுவது இரும்புச்சத்துக் குறைபாடு. இரும்பு குறைந்தால் மஜ்ஜை பிளேட்லெட் தயாரிப்பைக் கூட்டுவது உண்டு. ஹீமோகுளோபினும் எம்சிவி என்ற சிவப்பணு அளவும் குறைந்து, பிளேட்லெட் 4,80,000 என்று நின்றால், அழற்சியைத் தேடி ஓடுவதற்கு முன், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஃபெரிட்டினே அழற்சியில் ஏறும் பொருள். அழற்சியும் இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் ஃபெரிட்டின் போதுமான அளவு இருப்பது போலக் காட்டும். அதனால்தான் மருத்துவர்கள் அழற்சியின்போது கல்லீரல் விடும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு. ஒரு வேளை பிரட்னிசலோன் விழுங்கினால் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்போசைட் நன்றாகக் குறைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் மீண்டும் பழைய நிலைக்கு வரும். மூட்டு வாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மாத்திரை எடுப்பவரின் பிஎல்ஆர் ஏறியிருந்தால் அது நோயின் வேலையா மருந்தின் வேலையா என்று விகிதத்தை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. மாத்திரை போட்ட நேரத்தையும் ரத்தம் கொடுத்த நேரத்தையும் குறித்து வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கு பிளேட்லெட் நீண்ட காலம் கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் ரத்தத்தில் வர வேண்டிய பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருப்பது மண்ணீரல்தான். கடும் உடற்பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் லிம்போசைட் வழக்கத்தைவிடக் கீழே போகும். கார்டிசோல் காலையில் உச்சத்தில் இருப்பதால் காலை ரத்தத்தில் லிம்போசைட் குறைவாகவும் இரவில் கூடுதலாகவும் இருக்கும்.

படி 7: துணை எண்களோடு சேர்த்துப் படியுங்கள்

பிஎல்ஆர் தனிச் சாட்சி. இன்னும் இரண்டு சாட்சிகள் அதே கதையைச் சொன்னால்தான் நம்பலாம்.

சிஆர்பி வேகமானது. கல்லீரல் தூண்டப்பட்ட சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். பிளேட்லெட்டோ ஏறச் சில நாள், இறங்க ஒன்றிரண்டு வாரம் என்று நிதானமாக நடக்கும். முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். நேற்றுக் காய்ச்சல் தொடங்கியவரிடம் சிஆர்பி உயர்ந்து பிஎல்ஆர் சாதாரணமாக இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை, பிளேட்லெட்டுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. நிமோனியா குணமாகி வருகிறவரிடம் சிஆர்பி தணிந்த பின்னும் பிளேட்லெட் உயர்ந்தே நிற்பதும் வழக்கம்தான். உடம்பு தேறிக்கொண்டிருக்கும்போது இந்த ஏற்றத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறையப் பேர்.

என்எல்ஆர் என்ற இன்னொரு விகிதமும் உண்டு, நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுப்பது. இதுவும் அதே சிபிசியிலிருந்தே கிடைக்கும், நலமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 1க்கும் 4க்கும் இடையில் இருக்கும். பாக்டீரியாத் தொற்று போன்ற திடீர் நிகழ்வுகளை இது பிஎல்ஆரைவிட வேகமாகக் காட்டும், ஏனென்றால் நியூட்ரோபில் மணிக் கணக்கில் ஏறக்கூடியது. இரண்டு விகிதத்துக்கும் கீழே லிம்போசைட்தான் இருக்கிறது என்பதால் இரண்டும் சேர்ந்து ஏறினால் இரண்டு தனி ஆதாரம் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். லிம்போசைட் ஒன்று குறைந்தாலே இரண்டும் ஏறும். பிஎல்ஆர், சிஆர்பி, ஹீமோகுளோபின் மூன்றையும் ஒரு பார்வையில் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

படி 8: ஒரு எண்ணை விட்டு, போக்கைப் பாருங்கள்

நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கே லிம்போசைட் நாளுக்கு நாள் பத்து சதவீதம் போல ஆடும், பிளேட்லெட்டும் அதைவிடக் கொஞ்சம் குறைவாக ஆடும். இரண்டையும் வகுத்தால் ஆட்டம் சேர்ந்துகொள்ளும். என் கணக்கில், இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது மாற்றம் இருந்தால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று யோசிக்கலாம். 130 இருந்தது 150 ஆனால் அது ஏற்றமே இல்லை. 130 இருந்தது 210 ஆகி, மூன்று வாரம் கழித்தும் 215 என்றால் காரணம் தேட வேண்டும்.

ஒப்பிட வேண்டுமானால் நிலைமைகளும் ஒன்றாக இருக்கட்டும். அதே பரிசோதனைக் கூடம், ஏறக்குறைய அதே நேரம், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இல்லை, சளி காய்ச்சல் இருந்தால் அது விட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு தேதி, பிளேட்லெட், லிம்போசைட், விகிதம் என்று எழுதி வாருங்கள். பக்கத்தில் அப்போது எடுத்த மருந்தையும் குறியுங்கள். விகிதத்தை மட்டும் குறித்து வைத்தால் ஆறு மாதம் கழித்து எது நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவத்தில் இது எங்கே பயன்படுகிறது?

அதிகமாக ஆராயப்பட்ட இடம் புற்றுநோய். 2014ல் இருபது ஆய்வுகளையும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, திடக் கட்டிப் புற்றுநோய்கள் பலவற்றில் பிஎல்ஆர் உயர்ந்திருந்தவர்களின் ஆயுட்காலம் குறைவாக இருந்ததைக் காட்டியது. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்கள் என்பதைக் கவனியுங்கள். நோய் எப்படிப் போகும் என்று கணிக்க உதவும் எண், நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும் என்று ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பிஎல்ஆர் 210 வந்ததும் புற்றுநோய் என்று இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

முடக்கு வாதம், சோரியாசிஸ், அழற்சிக் குடல் நோய் போன்றவற்றில் நோய் தீவிரமாக இருக்கும்போது பிஎல்ஆர் ஏறுவதும் சிகிச்சையில் அடங்கும்போது இறங்குவதும் பல ஆய்வுகளில் தெரிகிறது. இங்கே இது கண்காணிப்புக்கு ஒரு துணை, ஒரே ஆளின் எண்ணை அதே ஆளின் பழைய எண்ணோடு ஒப்பிடும்போது. மாரடைப்பிலும் உயர்ந்த பிஎல்ஆருக்கும் மோசமான விளைவுகளுக்கும் தொடர்பு பேசப்படுகிறது. ஆனால் இவற்றில் எதிலும் பிஎல்ஆரை மட்டும் வைத்து யாரும் மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ இல்லை.

விகிதம் எதுவானாலும் தள்ளிப்போடக் கூடாதவை

பிளேட்லெட் 20,000க்குக் கீழே போனாலோ, எண்ணிக்கை எதுவானாலும் ஈறு, மூக்கு, சிறுநீர், மலத்தில் ரத்தம் வந்தாலோ, தோலில் ஊசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் புதிதாகத் தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடும் காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு, குறைந்த சிறுநீர் இருந்தாலும் அப்படியே. விகிதம் போட்டுப் பார்க்கும் நேரமில்லை அது.

அவசரமில்லாவிட்டாலும் விட்டுவிடக் கூடாதவை சில. லிம்போசைட் 5,000க்கு மேல் மாதக்கணக்கில் நின்றாலும், 500க்குக் கீழே இருந்தாலும் காரணம் பார்க்க வேண்டும். பிளேட்லெட் 4,50,000க்கு மேல் இரண்டு மூன்று பரிசோதனையிலும் தொடர்ந்தால், இரும்பும் அழற்சியும் காரணமில்லை என்றால், ரத்த நோய் நிபுணரைப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2017ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அந்த வயதினரில் பிளேட்லெட் 4,00,000க்கு மேல் இருந்த ஆண்களில் 11.6 சதவீதம் பேருக்கும் பெண்களில் 6.2 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பான்மையோருக்கு ஒன்றுமில்லை என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. ஆனாலும் மறுபடி ஒருமுறை பரிசோதித்துப் பார்க்க அது போதுமான காரணம். அங்கே மருத்துவரை யோசிக்க வைத்தது வகுத்து வந்த விகிதமல்ல, அறிக்கையில் எப்போதும் அச்சாகிற பிளேட்லெட் என்ற அந்த ஒரு வரி.

மருத்துவரிடம் போகும்போது ‘என் பிஎல்ஆர் 210, ஏன்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘பிளேட்லெட் மூன்று மாதத்தில் 2,60,000லிருந்து 3,40,000 ஆகியிருக்கிறது, லிம்போசைட் 2,000லிருந்து 1,600 ஆகியிருக்கிறது, நடுவில் பத்து நாள் ஸ்டீராய்டு எடுத்தேன், சிஆர்பி பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். பழைய அறிக்கையையும் புதியதையும் சேர்த்து மேசையில் வையுங்கள்.